இயந்திரம் எத்தனை ஆண்டு ஓடும்? பொறியியல் தொழில்நுட்ப முதுநிலையும் மேலாண்மை விருப்பப் பாடங்களும்

முதுநிலைப் பொறியியல் தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவர் கைக்கு முதல் வாரமே ஒரு பாடத்திட்டத் தாள் வந்துவிடும். கட்டாயப் பாடங்கள் அதில் அச்சிட்டபடி இருக்கும். ஆய்வேட்டுக்கோ இறுதிச் செயல்திட்டத்துக்கோ ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். எஞ்சிய இரண்டு மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும்; அவை விருப்பப் பாடங்களுக்கு உரியவை. வணிகத் துறையிலோ மேலாண்மைத் துறையிலோ எடுத்துக்கொள்ளலாம் என்று அடிக்குறிப்பு ஒன்று சொல்லும். அந்தக் கட்டங்களைப் பலரும் பதிவின் கடைசி நாளில்தான் நிரப்புகிறார்கள். வகுப்பு மாலை நேரத்தில் வருகிறதா, மதிப்பெண் தாராளமாகக் கிடைக்குமா, பாடத்தின் பெயர் வேலை விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியுமா என்பவைதான் அப்போது எழும் கேள்விகள்.

எனக்கு இது பெரிய வீணடிப்பாகப் படுகிறது. முழுப் படிப்பிலும் மாணவர் தாமே முடிவெடுக்கக் கிடைக்கும் இடம் அந்த இரண்டு மூன்று கட்டங்கள்தான். அங்கே அரைகுறை எம்.பி.ஏ. ஒன்றைக் கட்டி எழுப்பவும் முடியாது. மூன்று பாடங்களில் யாரும் மேலாளராகிவிடுவதில்லை. செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. தொழில்நுட்பம் படித்தவர் மட்டுமே தரக்கூடிய ஓர் எண், ஒரு நிறுவனத்தின் முடிவையே புரட்டிப்போடும் இடங்கள் சில உண்டு. அந்த இடங்களைப் பற்றிப் பேசும் பாடம் எது என்று தேடி எடுக்கலாம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலுக்கானது.

பொறியியல் தொழில்நுட்பம் என்பது பொறியியலின் எளிய வடிவம் என்று ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் ஏபெட் அமைப்பு இரண்டுக்கும் தனித்தனி ஆணையங்கள் வைத்து அங்கீகாரம் தருகிறது. பன்னாட்டு அளவிலும் பொறியாளர் பட்டங்களுக்கு 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையும், பொறியியல் தொழில்நுட்பவியலாளர் பட்டங்களுக்கு 2001-இல் உருவான சிட்னி உடன்படிக்கையும் தனித்தனியே இருக்கின்றன. பொறியியல் படிப்பு கோட்பாட்டிலும் புதிய வடிவமைப்பிலும் அழுத்தம் தருகிறது. பொறியியல் தொழில்நுட்பப் படிப்பு, இருக்கும் தொழில்நுட்பத்தைப் பணியிடத்தில் நிறுவி, ஓட்டி, மேம்படுத்துவதில் அழுத்தம் தருகிறது. ஆகவே தொழில்நுட்ப மாணவர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் உற்பத்தித் தளம், சோதனைக்கூடம், பராமரிப்புப் பிரிவு, செயல்திட்டக் குழு ஆகியவைதான். பணமும் நேரமும் ஆட்களும் இயந்திரங்களோடு உரசிக்கொள்ளும் இடங்கள் இவை. மேலாண்மைப் பாடங்களுக்குப் பாடத்திட்டத்தில் இடம் விட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

மேலாண்மை என்ற துறை இந்தத் தளங்களிலிருந்துதான் கிளம்பியது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை நடத்திய ஹென்றி டவுன் என்ற பொறியாளர் 1886-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார். பொறியாளன் பொருளாதாரமும் அறிந்தவனாக இருக்க வேண்டும், பட்டறை நிர்வாகமும் பொறியியல் அளவுக்கே முக்கியமானது என்பதே அவர் வாதம். அதற்கு முன்பே, 1877-இல், ஆர்தர் வெலிங்டன் ரயில் பாதையை எங்கே போடுவது என்ற கேள்வியைச் செலவுக் கணக்காக மாற்றிக் காட்டியிருந்தார். நிர்வாகத்தின் பணிகளை வகைப்படுத்தி 1916-இல் எழுதிய ஹென்றி ஃபயோல் ஒரு சுரங்கப் பொறியாளர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்வி 1914-இல் பொறியியல் நிர்வாகம் என்ற பெயரில்தான் தொடங்கியது. இன்று அதன் மேலாண்மைப் பள்ளி தாங்கியிருக்கும் பெயருக்குரியவரும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நடத்தியவருமான ஆல்ஃபிரட் ஸ்லோன், அதே எம்.ஐ.டி.யில் 1895-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். ஆக, வணிகத் துறையின் வகுப்பறைக்குள் நுழையும் தொழில்நுட்ப மாணவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அது அவருடைய முன்னோர் கட்டிய வீடு.

இனி ஒரு கணக்கு. எந்தப் பொறியியல் பொருளாதாரப் பாடத்திலும் முதல் மாதத்துக்குள் இது வந்துவிடும். இரண்டு இயந்திரங்களில் ஒன்றை வாங்க வேண்டும். முதல் இயந்திரத்தின் விலை 1,000 அலகு. ஆண்டுக்கு 300 அலகு மிச்சப்படுத்தும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. விலை 1,600 அலகு, மிச்சம் ஆண்டுக்கு 440. இரண்டின் ஆயுளும் ஐந்து ஆண்டுகள். கூட்டிக் கழித்தால் முதலாவது 500 அலகு லாபம் தருகிறது, இரண்டாவது 600. தொழில்நுட்ப மாணவர் மனம் இரண்டாவதின் பக்கம் சாய்வது இயல்பு.

ஆனால் ஐந்தாம் ஆண்டில் வரப்போகும் பணம் இன்று கையில் இருக்கும் பணத்துக்குச் சமமாகாது. அந்த நிறுவனத்துக்குப் பணத்தின் செலவு (பணத்தைத் திரட்டக் கொடுக்கும் வட்டி போன்றது) ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஓர் அலகின் இன்றைய மதிப்பு 3.79 அலகு. இந்தக் கணக்கில் முதல் இயந்திரத்தின் மிச்சம் இன்றைய மதிப்பில் 1,137. விலையைக் கழித்தால் 137 மிஞ்சும். இரண்டாவதின் மிச்சம் 1,668. விலை போக 68 மட்டுமே மிஞ்சும். முடிவு தலைகீழாகிவிட்டது. எளிமையான இயந்திரம்தான் வெல்கிறது. மேலும் பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். தேர்விலும் இவ்வளவுதான் கேட்பார்கள்.

நான் காட்ட விரும்புவது அடுத்த அடியை. இரண்டாவது இயந்திரம் ஐந்துக்குப் பதில் ஆறு ஆண்டு ஓடும் என்றால்? அதன் நிகர மதிப்பு 68-இலிருந்து 316-க்கு ஏறுகிறது. ஆயுள் வேறுபடும்போது நேரடியாக ஒப்பிடக் கூடாது, ஆண்டுச் சமமதிப்பாக (நிகர மதிப்பை ஆயுள் முழுவதற்கும் ஆண்டுதோறும் ஒரே அளவான தொகையாக) மாற்றியே ஒப்பிட வேண்டும் என்ற விதிப்படி பார்த்தாலும், முதலாவதுக்கு ஆண்டுக்கு 36, இரண்டாவதுக்கு ஆண்டுக்கு 73. ஒரே ஓர் ஆண்டு கூடியதும் முடிவு மறுபடியும் மாறிவிட்டது. 10 சதவீதம் என்ற எண்ணை நிதிப் பிரிவு தரும். விலையை விற்பவர் தருவார். ஐந்தா ஆறா என்பதை யார் சொல்வது? தாங்கியின் (பேரிங்கின்) தேய்மானத்தை அளந்தவர், எண்ணெய் மாற்றும் இடைவெளியை அறிந்தவர், இதே வகை இயந்திரம் முன்பு எப்போது எப்படிப் பழுதானது என்ற பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டியவர்தான் சொல்ல முடியும். இந்தக் கணக்கின் மொழி தெரியாவிட்டால், தன் கையில் இருக்கும் அந்த எண்ணின் விலை அவருக்கே தெரியாது. கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். நிதிப் பிரிவு வழக்கமான ஐந்தைப் போட்டுக் கோப்பை முடித்துவிடும்.

எனவே ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்பவருக்குப் பொறியியல் பொருளாதாரம் அல்லது மேலாண்மைக் கணக்கியல் என்பதே என் பதில். இளநிலையில் பொறியியல் பொருளாதாரம் படித்தவர்கள் நேரே கணக்கியலுக்குப் போகலாம்.

கணக்கியல் என்றதும் பேரேடு எழுதும் வேலை என்று நினைத்துப் பலர் ஒதுங்குகிறார்கள். பேரேட்டு வேலை நிதிக் கணக்கியலைச் சேர்ந்தது. நான் சொல்வது செலவுகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை ஆராயும் மேலாண்மைக் கணக்கியல். ஒரு தொழிற்சாலை இரண்டு பாகங்கள் செய்கிறது. ஒன்றைத் தானியங்கி இயந்திரம் செய்கிறது, மற்றதை ஆட்கள் கையால் செய்கிறார்கள். கட்டட வாடகை, மின்சாரம், மேற்பார்வை, தானியங்கியின் தேய்மானம் எல்லாம் சேர்ந்த மேற்செலவை, உழைப்பு நேரத்தின் விகிதத்தில் பங்கிடுவது பழைய வழக்கம். அப்படிப் பங்கிட்டால் தானியங்கிக்காகச் செய்த செலவின் பெரும்பகுதி, அதைத் தொடவே செய்யாத கைவேலைப் பாகத்தின் தலையில் விழும். கைவேலைப் பாகம் நட்டத்தில் ஓடுவதுபோல் காகிதத்தில் தெரியும். நிர்வாகம் அதை நிறுத்திவிடும். ஆனால் வாடகையும் தேய்மானமும் நின்றுவிடுமா? அவை முழுவதும் எஞ்சிய பாகத்தின் மேல் ஏறும். அடுத்து அதுவும் நட்டமாகத் தெரியத் தொடங்கும். எந்தச் செலவு எந்த வேலையால் உண்டாகிறது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் அந்த வேலை நடக்கும் முறையை அறிந்தவர்தான். செயல்பாட்டு அடிப்படையிலான செலவுக் கணக்கு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்து நான் பரிந்துரைப்பது செயல்பாட்டு மேலாண்மை. உற்பத்தித் தளத்துக்குப் போகப்போகிறவர்கள் இதை விடவே கூடாது. காரணத்தை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். வேலைகள் ஒழுங்கின்றி வந்து சேரும், செய்து முடிக்கும் நேரமும் ஒழுங்கின்றி மாறும் ஒற்றை இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டால், காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி இப்படிச் சொல்கிறது: இயந்திரம் 80 சதவீத நேரம் வேலை செய்தால் சராசரியாக 4 வேலைகள் அங்கே தேங்கியிருக்கும். 90 சதவீதம் என்றால் 9. 95 சதவீதம் என்றால் 19. இயந்திரம் சும்மா இருக்கக் கூடாது என்று முடுக்கும் மேலாளர், தமக்கே தெரியாமல் வரிசையை இரண்டு மடங்கு, நான்கு மடங்காக வளர்க்கிறார். தேக்கம் கூடினால் ஒரு வேலை முடிய எடுக்கும் நாட்களும் கூடும். தேக்கம், வருகை வேகம், காத்திருப்பு நேரம் மூன்றையும் பிணைக்கும் எளிய விதியை 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார். நாளொன்றுக்கு 3 வேலைகள் வரும் இடத்தில் 9 வேலைகள் இருந்தால், ஒரு வேலை அங்கே சராசரியாக 3 நாள் கிடக்கும். சூத்திரம் ஒரு வரிதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு தொழிற்கூடத்தைச் சுற்றி வந்தால், சுவரோரம் அடுக்கி வைத்த அரைகுறைப் பொருட்களை அதற்குப் பின் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

செயல்திட்ட மேலாண்மை எல்லோரும் எடுக்கும் பாடம். எந்த வேலைகள் தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்று காட்டும், 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான நெருக்கடிப் பாதை முறையும், 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான, வேலை நேரங்களின் நிச்சயமின்மையையும் கணக்கில் எடுக்கும் பெர்ட் முறையும் இன்னமும் அதன் அடித்தளம். ஒரு வேலை குறித்த நாளில் முடிய 50 சதவீத வாய்ப்பு, அதைச் சாராத இன்னொரு வேலைக்கும் அதேபோல் 50 சதவீதம், இரண்டும் முடிந்தால்தான் மூன்றாவது தொடங்கும் என்றால், மூன்றாவது வேலை நேரத்தில் தொடங்க 25 சதவீத வாய்ப்பே உண்டு. இந்த ஒன்று புரிந்தாலே பாடத்தின் பாதிப் பயன் கிடைத்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பல இடங்களில் தொழில்நுட்பத் துறையே செயல்திட்ட மேலாண்மையைக் கட்டாயப் பாடமாக நடத்துகிறது. அதையே வணிகத் துறையில் இன்னொரு பெயரில் எடுப்பது ஒரு கட்டத்தைத் தூக்கி எறிவதற்குச் சமம். இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அறிவுசார் சொத்து பற்றிய பாடம் கிடைத்தால் அதுவும் நல்லது. அது சட்டத் துறையிலோ தொழில்முனைவுப் பிரிவிலோ சிறிய பாடமாக இருக்கும். காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுப் பாதுகாப்பு என்பது 1995 முதல் நடைமுறையில் உள்ள, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் விதி. ஆய்வேட்டை மாநாட்டில் படித்தாலோ இணையத்தில் ஏற்றினாலோ கண்டுபிடிப்பின் புதுமை அடிபடக்கூடும். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பியக் காப்புரிமையில் பொதுவாக அது கிடையாது. முதுநிலை மாணவர் ஆய்வேட்டை வெளியிடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இனி, மாணவர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடும் பாடத்துக்கு வருகிறேன். நிறுவன நடத்தை. 'பேச்சுப் பாடம்' என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களை 1986 ஜனவரி 27 இரவு நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டத்துக்கு அழைத்துப்போக விரும்புகிறேன்.

சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். இரவில் உறைநிலைக்கும் கீழே குளிர் போகும் என்ற கணிப்பு வந்திருந்தது. பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். நாசா அதிகாரிகள் மறுத்துப் பேசினார்கள். நிறுவனம் சிறிது நேரம் இணைப்பைத் துண்டித்துத் தனக்குள் பேசியது. அப்போது மூத்த மேலாளர் ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். விசாரணை ஆணையத்தின் பதிவில் இருக்கும் செய்தி இது. பரிந்துரை மாறியது. மறுநாள் கிளம்பிய 73-ஆவது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்தக் கதையை அறநெறிப் பாடமாக மட்டும் சொல்வார்கள். அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்றைய விவாதத்தில் வளையங்கள் பாதிக்கப்பட்ட பயணங்களின் வெப்பநிலை மட்டுமே அலசப்பட்டது; அவற்றில் தெளிவான போக்கு எதுவும் தெரியவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து ஆணையம் பிற்பாடு வரைந்தது. சுமார் 19 டிகிரி செல்சியசுக்கு மேல் நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு. சுமார் 17 டிகிரிக்குக் கீழ் நடந்த நான்கிலும், நான்கு முறையும் பாதிப்பு. அந்தப் படம் அன்றிரவு மேசையில் இல்லை. சரியான எண் ஆவணங்களில் இருந்தும், அது முடிவெடுப்பவர் கண்ணுக்குப் படும் வடிவில் வரவில்லை. ஒரு குழு எப்படிக் கேட்கிறது, எப்போது கேட்காமல் போகிறது, நிரூபிக்கும் சுமை யார் தோளுக்கு மாற்றப்படுகிறது, மறுப்புச் சொல்பவர் எந்த நிலையில் தனித்துப்போகிறார் என்பவற்றை ஆராயும் பாடம்தான் நிறுவன நடத்தை. அதைப் பேச்சுப் பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே காரணத்துக்காக, இந்தப் பாடத்தில் கோட்பாடுகளின் பெயர்ப்பட்டியலை மட்டும் ஒப்பிக்க வைக்கும் ஆசிரியரைத் தவிர்த்துவிட்டு, வழக்காய்வுகளை வரி வரியாகப் பிரித்துப் படிக்க வைக்கும் ஆசிரியரைத் தேடிப் போங்கள்.

சந்தையியலையும் வணிக உத்தியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசித் திட்டத்தை மோட்டோரோலா முன்னின்று உருவாக்கியது. 66 செயற்கைக்கோள்கள், பல நூறு கோடி டாலர் செலவு. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. செயற்கைக்கோள்களில் குறை இல்லை. புதிய உரிமையாளர்கள் சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கிய அதே வலையமைப்பு, திட்டமிட்ட ஆயுளையும் தாண்டிப் பல ஆண்டுகள் உழைத்தது. ஆனால் கைப்பேசி கனமாக இருந்தது, கட்டடத்துக்குள் வேலை செய்யவில்லை, இதற்குள் சாதாரண செல்பேசிக் கோபுரங்கள் நகரங்களை எட்டிவிட்டன. வடிவமைப்பு முடிந்து சந்தைக்கு வருவதற்குள் வாடிக்கையாளர் இடம் பெயர்ந்துவிட்டார். புதிய பொருள் உருவாக்கத்தில் வேலை செய்யப்போகிறவர்களுக்குச் சந்தையியல் பாடம் உதவும். மற்றவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். தலைமைப் பண்பு என்ற பெயரில் வரும் பாடங்களையும் நான் கடைசியில்தான் வைப்பேன். வேலைக்குப் போய் நான்கு பேரை வழிநடத்திப் பார்த்தபின் படித்தால் அதில் பலமடங்கு பிடிபடும்.

நடைமுறையில் சில தடைகள் வரும். வணிகத் துறையின் முதுநிலைப் பாடங்களுக்கு முன்நிபந்தனைகள் இருக்கும். கணக்கியலின் அடிப்படைப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமானது. வெளித்துறையில் எத்தனை கிரெடிட் வரை எடுக்கலாம் என்ற உச்சவரம்பும், வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதலும் தேவைப்படும். இவற்றை முதல் பருவத்திலேயே விசாரித்துவிட்டால் இரண்டாம் பருவத்தில் கதவு திறந்திருக்கும். இறுதிப் பருவம் வரை தள்ளிப்போட்டவருக்கு, முன்நிபந்தனை இல்லாத எளிய பாடங்கள் மட்டுமே மிஞ்சும். சில பல்கலைக்கழகங்களில் வணிகத் துறைப் பாடங்களுக்குக் கட்டணமும் கூடுதல்.

பாடங்களை எடுக்கும் வரிசையை ஆய்வேட்டோடு பிணைத்துக்கொள்வது இன்னும் நல்லது. புதிய பூச்சு ஒன்றால் வெட்டுக்கருவியின் ஆயுள் எவ்வளவு நீள்கிறது என்று ஒரு மாணவி ஆராய்கிறாள் என்று வையுங்கள். அவள் முதல் பருவத்திலேயே பொறியியல் பொருளாதாரம் படித்திருந்தால், ஆயுளை அளக்கும்போதே சராசரியோடு அதன் சிதறலையும் குறித்துக்கொள்வாள். எத்தனை துண்டுகளுக்கு ஒருமுறை கருவி மாற்றுகிறார்கள், மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று தளத்தில் கேட்டு எழுதிக்கொள்வாள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், பூச்சின் செலவு எந்த அளவைத் தாண்டினால் பயன் இல்லாமல் போகும் என்று ஒரு வரைபடம் போட அவளால் முடியும். நேர்காணலில் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் போதும், பேச்சு தானாக நீளும்.

பதிவு செய்வதற்கு முன் பாட ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கடந்த பருவத்தின் இறுதித் தேர்வுத் தாளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அதில் வரையறைகளை மட்டும் கேட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். போதாத தகவல்களோடு ஒரு நிறுவனத்தின் நிலைமையைக் கொடுத்து, என்ன முடிவு எடுப்பாய், அதற்கு முன் இன்னும் எந்த எண்ணைக் கேட்டு வாங்குவாய் என்று ஒரு கேள்வியாவது இருந்தால், அன்றே பதிவு செய்துவிடுங்கள்.